குமிழி இல்லாத பாட்டில்

வகுப்பில் அவளுக்கு 'மியூட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதலாண்டில் பாதிப் பாடம் கணினித் திரையிலேயே நடந்தது. மற்றவர்களுடைய சதுரங்களிலிருந்து மிக்ஸி ஓடுகிற சத்தமோ, பின்னறையில் யாரோ அதட்டுகிற சத்தமோ வந்துகொண்டே இருக்கும். அவளுடைய சதுரம் மட்டும் குறுக்குக்கோடு போட்ட மைக்கோடு கம்மென்று இருக்கும். எல்லாரும் நேரில் வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் அந்தக் குறுக்குக்கோடு அழியவில்லை. கெட்ட எண்ணத்தில் வைத்த பெயர் அல்ல. கெட்ட எண்ணம் வர வேண்டுமானால் அவளைப் பற்றிக் கொஞ்ச நேரமாவது யோசித்திருக்க வேண்டும்.

சுற்றுச்சூழல் அறிவியலை அவள் விரும்பி எடுத்தாள் என்றும் சொல்ல முடியாது, வேண்டாவெறுப்பாக எடுத்தாள் என்றும் சொல்ல முடியாது. இடம் கிடைத்தது, சேர்ந்தாள். அம்மா அப்பா இருக்கும் ஊரில் கல்லூரி இல்லாததால் அக்கா வீட்டில் தங்கினாள். அக்கா மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். மாமா லிஃப்ட் பழுது பார்ப்பவர். படுக்கையறை அவர்களுக்கு, முன்னறை டி.வி.க்கு, டி.வி. ஓய்ந்த பிறகு முன்னறை அவளுக்கு. யாரும் அவளை ஒரு சொல் குறையாகச் சொன்னதில்லை. குறை சொல்ல அவள் இடம் வைத்ததும் இல்லை. குளித்த பிறகு குளியலறையைத் துடைத்துவிட்டு வருவாள். தான் இருந்த தடம் எங்கேயும் தெரியக் கூடாது என்பது போல இருந்தாள்.

மூன்றாம் ஆண்டில் எல்லாரும் களப்பயிற்சிக்குப் போயாக வேண்டும். நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் இடம். ஏரியில் பறவைக் கணக்கெடுப்புக்கு அடிதடி. மரக்கன்று வளர்க்கும் தோட்டத்துக்கும் காற்றின் தரம் அளக்கும் நிலையத்துக்கும் ஆள் சேர்ந்துவிட்டது. குப்பை பிரிக்கும் கூடத்துக்குக்கூட, அங்கே ஏ.சி. அறை இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டதால், ஐந்து பேர் கிடைத்தார்கள். குழு சேர்க்கும் பேச்செல்லாம் கைப்பேசியில் நடந்தது. அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டு, "அச்சச்சோ, ஆள் நிரம்பிடுச்சே" என்று பதில் வருவதைவிடக் கேட்காமல் இருப்பது மேல் என்று நினைத்தாள். அப்படி நினைத்தே மூன்று வருடத்தை ஓட்டியிருந்தாள்.

களப்பயிற்சியைக் கவனித்த மேடம் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"உன் குரூப் எதும்மா?"

"எதுவும் இல்ல மேடம்."

"யாரையும் கேக்கலையா?"

அவள் மேசை மேல் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்தாள்.

"சரி விடு. ஒரு இடம் மிச்சம் இருக்கு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அஞ்சு வருஷமா ஒருத்தரும் பேர் எழுதல. மூக்குக்குக் கொஞ்சம் துணிச்சல் வேணும். போறியா?"

"போறேன் மேடம்."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு சுலபமாக அந்த இடம் தீர்ந்துவிடும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, டயர்க் கடைகளையும் பூட்டிக் கிடக்கும் குடோன்களையும் தாண்டி நடந்தால் நிலையம். ஊரே குளித்து, துவைத்து, கழித்து அனுப்பிய தண்ணீர் ஒரு பெரிய குழாய் வழியாக வந்து விழும். முதலில் ஒரு கம்பிவலை. துணி, பிளாஸ்டிக், ஒற்றைச் செருப்பு எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் மணல் படியும் தொட்டி. அதற்கப்புறம் நீளமான ஒரு தொட்டியில் அடியிலிருந்து காற்றைப் புகுத்தி, பழுப்புத் தண்ணீரை இரவும் பகலும் கொதிக்கிற மாதிரி புரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காற்றைக் குடித்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் அழுக்கைத் தின்றன. மனிதர்கள் செய்ததெல்லாம் அவற்றுக்கு மூச்சு விட வழி செய்ததுதான். முதல் இரண்டு நாள் அவளுக்குக் குமட்டியது. பிறகு மூக்கு பழகிவிட்டது. மற்றவர்களுடைய மூக்கு பழகவில்லை என்பது பேருந்தில்தான் தெரிந்தது. கூட்டத்திலும் அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. வாடையாலா, அல்லது எப்போதுமே அப்படித்தான் இருந்ததா, இப்போதுதான் கவனிக்கிறோமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

ஆய்வுக்கூடத்தில் ஒரே ஆள், கெமிஸ்ட். ஐம்பதை நெருங்குகிறவர். காலையில் வந்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் மாலையில்தான் நிமிர்வார். அவர் கற்றுக்கொடுக்கிற ரகம் இல்லை. தப்பு செய்தால் மட்டும் வாயைத் திறப்பார்.

முதல் வாரம் அவர் அதிகமாகத் திறந்தது ஒரே விஷயத்துக்கு. தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை. அதற்கென்று மூடி வைத்த சின்னக் கண்ணாடி பாட்டில்கள் உண்டு. கழுத்து வரை அல்ல, வாய் வழிய நிரப்பி, மூடியை மெல்ல இறக்க வேண்டும். உள்ளே கடுகளவு குமிழி நின்றாலும் வெளிக்காற்று கலந்து கணக்குக் கெட்டுவிடும்.

"குமிழி இருக்கு. கொட்டு."

கொட்டினாள். மறுபடி போய் எடுத்து வந்தாள்.

"சாய்ச்சுப் பாரு. பாட்டில் தோள் பக்கத்துல ஒளிஞ்சிருக்கு. கொட்டு."

ஒருநாள் அவர் பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார். அவரிடமிருந்து வரக்கூடிய பாராட்டு அவ்வளவுதான் என்று புரிய அவளுக்குச் சில நாள் ஆயிற்று. அதன் பிறகு அவள் கை தானாகவே குமிழி இல்லாமல் நிரப்பியது.

அவளுக்குப் பிடித்துப்போனது வேறு இரண்டு வேலைகள். ஒன்று, தொட்டிச் சேற்றை உயரமான கண்ணாடி ஜாடியில் ஊற்றி அரை மணி நேரம் அசைக்காமல் வைத்து எவ்வளவு படிகிறது என்று பார்ப்பது. கெமிஸ்ட் அலாரம் வைத்துவிட்டுப் போய்விடுவார். அவள் எதிரே உட்கார்ந்துகொள்வாள். முதலில் ஒன்றுமே நடக்காது. அப்புறம் மேலே நூலளவு தெளிவு தெரியும். யாரும் அவளிடம் எதையும் எதிர்பார்க்காத அரை மணி நேரம் அது. சும்மா இருப்பதே வேலையாக இருந்த இடத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை.

இன்னொன்று மைக்ரோஸ்கோப். "மணி இருக்கான்னு பாரு" என்பார் கெமிஸ்ட். மெல்லிய தண்டின் நுனியில் சின்ன மணியைப் பொருத்தியது போன்ற உயிர் அது. மணியின் வாயைச் சுற்றி மயிரிழைகள் சுழன்று உணவை உள்ளே இழுக்கும். ஏதாவது இடித்தால் போதும், தண்டு ஸ்பிரிங் போலச் சுருண்டு மணியை வெடுக்கென்று கீழே இழுத்துவிடும். ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் மெதுவாக, வெட்கப்பட்டது போல, மறுபடி நிமிரும். மணிகள் கூட்டமாக இருந்தால் தொட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கெமிஸ்டுக்கு அந்த அர்த்தம் போதும். அவளுக்குப் போதவில்லை. ஒரே கொத்தில் பத்துப் பதினைந்து மணிகள். ஒவ்வொன்றும் தன் தண்டில் தனியாக. ஒன்று சுருங்கினால் மற்றவை கண்டுகொள்வதில்லை. அவள் கழுத்து வலிக்கும் வரை பார்த்தாள்.

பார்த்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியதுதான் புதிது. அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. ஒரு மாலை வீட்டுக்குள் நுழையும்போதே தொடங்கினாள்.

"மாமா, இன்னைக்கு மைக்ரோஸ்கோப்புல..."

"தாயே, முதல்ல குளி. அப்புறம் உலகத்தைக் காப்பாத்தலாம்" என்றார் மாமா, மூக்கைப் பிடித்துக்கொண்டு. அக்கா சிரித்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. குளித்துவிட்டு வருவதற்குள் டி.வி.யில் ஏதோ தொடர் ஓடத் தொடங்கியிருந்தது. அவள் ஈரத் துணியைக் காயப்போடப் போனாள்.

பயிற்சி முடியும் தறுவாயில் கெமிஸ்ட் தாமாகவே ஒரு பேச்சை எடுத்தார். மணிகள் கூடும்போதும் குறையும்போதும் வெளியே போகிற தண்ணீரின் தரம் எப்படி மாறுகிறது என்று தொடர்ந்து பார்க்க ஆள் இல்லை. அவளுடைய கடைசிப் பருவத் திட்டப்பணியை அதில் செய்யலாம், கல்லூரியில் கேட்டுப் பார்க்கட்டும் என்றார். சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, பிப்பெட் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அவள் மறுநாளே மேடத்திடம் போய் நின்றாள். அதுவரை யாரும் கூப்பிடாமல் அவள் அந்த அறைக்குப் போனதில்லை.

"நல்ல விஷயம்தான்" என்றார் மேடம். "ஆனா ரெண்டு பேராவது வேணும். தொட்டிக் கரையில ஒரு பொண்ண தனியா நிக்க விட முடியாது. பயிற்சி நேரத்துல அவங்க ஆபரேட்டர் கூட இருந்தாரு. வருஷக் கடைசி வரைக்கும் ஆள் விடுவாங்களா? பயிற்சிய பத்தி எல்லாரும் வகுப்புல பேசற நாள் வருதில்ல, அன்னைக்குப் பேசி ஒருத்தரப் புடி. அன்னைக்கே பேர் குடுத்துடணும்."

பேசி ஒருத்தரைப் பிடிப்பது. மேடத்துக்கு அது சாதாரண வாக்கியம்.

அவள் யோசித்தாள். தன்னால் பேச முடியாது. ஆனால் மணிகள் பேசும். வகுப்பின் மைக்ரோஸ்கோப்பைத் திரையோடு இணைத்து, உயிருள்ள மணிகளைப் பெரிதாகக் காட்டினால் போதும். அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஒருவருக்குக்கூடவா வர வேண்டும் என்று தோன்றாது? ஒரே ஒருவர். அவள் அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

அன்று விடிந்ததுமே நிலையத்துக்குப் போனாள். தொட்டிகளைக் கவனிக்கும் ஆபரேட்டர் வாளியில் தொட்டிச் சேற்றை மொண்டு கொடுத்தார். காலைச் சேறு, நல்ல பழுப்பு நிறம், மழை பெய்த மண்ணின் வாசனை. எடுத்துப் போக ஒரு பெரிய பாட்டில் வைத்திருந்தாள். வாய் வழிய நிரப்பினாள். மூடியை மெல்ல இறக்கினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தோள் பக்கமும் பார்த்தாள். ஒரு குமிழி இல்லை.

"என்னம்மா, பூதத்தப் புடிச்சு அடைக்கிற மாதிரி மூடற" என்றார் ஆபரேட்டர்.

பாட்டிலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தாள். குழந்தையை வைத்திருப்பது போலத்தான் வைத்திருந்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்ததை அன்று அவள் கவனிக்கவில்லை.

பறவைக் குழு முதலில் பேசியது. அதில் ஒருத்திக்கு 'ரேடியோ' என்று பெயர், பேச்சை நிறுத்தத் தெரியாது. ஏரியில் படகு கவிழப் பார்த்த கதையை அவள் சொன்னபோது வகுப்பே மேசையைத் தட்டியது. தோட்டக் குழு, காற்றுக் குழு, குப்பைக் குழு. சாப்பாட்டு வேளை வந்து போனது. புழுக்கமான அறையில், பைக்குள், பாட்டில் தன் முறைக்குக் காத்திருந்தது.

அவள் பெயரை அழைத்தபோது வெயில் சாய்ந்திருந்தது. துண்டைப் பிரித்தாள். பழுப்பு நிறம் கறுத்திருந்தது. வெளிச்சக் குறைவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடியைத் திறந்தாள். அழுகிய முட்டையின் நாற்றம் முன்வரிசையை எழுப்பிப் பின்னால் தள்ளியது. யாரோ ஜன்னல்களைத் திறந்தார்கள். ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தாள். திரையில் படம் தெளிந்தது. மொட்டைத் தண்டுகள் சாய்ந்து கிடந்தன. மணிகள் கழன்று, உருண்டு, அசையாமல் இருந்தன.

என்ன நடந்தது என்று அந்த நொடியே புரிந்தது. அதுதான் கொடுமை. அங்கே அளப்பதற்குத்தான் காற்று கூடாது. இங்கே இருந்தவை மூச்சு விடுகிறவை. இருந்த கொஞ்சம் காற்றையும் குடித்து முடித்துவிட்டு, பேருந்திலேயே, அவள் மடியிலேயே, திணறியிருக்கின்றன. கவனக்குறைவாக நிரப்பியிருந்தால் பிழைத்திருக்கும்.

"இது காலையில உயிரோட இருந்துச்சு" என்றாள்.

"மியூட்டு பேசுதுடா" என்றது பின்வரிசை.

"அது பேசினதுல அதிர்ச்சியாகி எல்லாம் செத்துப்போச்சு."

சிரிப்பு அறை முழுக்கப் பரவியது. மேடம் மேசையைத் தட்டினார். அவள் சிரிப்பு அடங்கும் வரை நின்றாள். பிறகு, திரையைப் பார்த்துக்கொண்டே, எதற்காகக் குமிழி இல்லாமல் நிரப்பப் பழகினாள், எதை அப்படி நிரப்பியிருக்கக் கூடாது, இதில் யாருடைய தப்பு என்று சொன்னாள். குரல் கடைசி வரிசைக்கு எட்டியதா தெரியாது.

"ப்ராஜெக்ட்டுக்கு ஒருத்தர் வேணும்" என்றாள் முடிவில். "ஒருத்தர் வந்தா போதும்."

யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"பரவாயில்லம்மா, தப்புலதான் படிப்பு வரும். போய் உக்காரு" என்றார் மேடம். நல்ல மனதோடுதான் சொன்னார்.

வகுப்பு கலைந்த பிறகு அவள் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரேடியோ வந்து வாசற்படியில் நின்றாள். துப்பட்டாவால் மூக்கை மூடியிருந்தாலும் கண்கள் மேசை மேல் இருந்த தகட்டிலேயே இருந்தன.

"ஏய், உயிரோட இருந்தா அது என்னதான் பண்ணும்?"

அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டு, முழங்கையை மேசையில் ஊன்றி, விரல்களைக் குவித்து மேலே நீட்டினாள். "இது மணி. இது தண்டு. நீ இடி."

ரேடியோ ஒரு விரலால் இடித்தாள். அவள் கை வெடுக்கென்று சுருங்கி மேசையோடு ஒட்டிக்கொண்டது. பிறகு மெதுவாக நிமிர்ந்தது. ரேடியோ கெக்கெக்கே என்று சிரித்துவிட்டு இன்னொரு தடவை இடித்தாள். அப்புறம் தானே மணியாக இருந்து பார்த்தாள். "அய்ய, இத முன்னாடியே இப்படிக் காட்டியிருக்கலாம்ல. எதுக்குப் பொணத்தப் போட்டுக் காட்டின?"

அவள் ஓர் எட்டு முன்னால் வந்தாள். "நீ வர்றியா? ப்ராஜெக்ட்டுக்கு?"

"நானா? அடிப்போடி. இந்த நாத்தத்துக்கே மத்தியானம் சாப்பிட்டது வெளிய வரப் பாக்குது." கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு பண்ணு. நீ எங்க குரூப்புக்கு வந்துடு. ப்ராஜெக்ட்டும் ஏரியிலதான், நாங்க நாலு பேருதான். மேடம்கிட்ட நான் பேசறேன். பைனாகுலர் எல்லாம் இருக்கு, செம ஜாலியா இருக்கும். வா."

மூன்று வருடமாக அவள் காதுகள் காத்திருந்தது அந்த 'வா'வுக்குத்தான். வீடு மாறிப் போன பிறகு பழைய முகவரிக்கு வந்து நிற்கும் பார்சல் போல அது இப்போது வந்து நின்றது. யாரும் கூப்பிடாததுதான் தன் குறை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கூப்பிட்ட பிறகும் குறை அப்படியே இருந்தது. இடம் மட்டும் மாறியிருந்தது.

பெயர் கொடுக்க அன்றே கடைசி. "சரி" என்றாள்.

சில நாள் கழித்து, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க நிலையத்துக்குப் போனாள்.

"ஆள் கிடைக்கலையா?" என்றார் கெமிஸ்ட்.

"கிடைக்கல சார்." நின்றாள். பாட்டிலைப் பற்றிச் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாதி பாட்டில்தான் எடுக்கணும். மீதி காத்துக்கு விடணும். நான் சொல்லலையா?"

"இல்ல சார்."

"நீ கேட்டிருக்கலாம்ல."

கேட்டிருக்கலாம்தான். அவரும் சொல்லியிருக்கலாம். ஒரே அறையில் இத்தனை நாள் எதிரெதிரே உட்கார்ந்து, எந்தக் குறுக்கீடும் இல்லாமல் வேலை பார்த்ததை இருவருமே நல்ல ஏற்பாடு என்று நினைத்திருந்தார்கள். அவர் அட்டையை வாங்கி இழுப்பறையில் போட்டார். பிறகு பிப்பெட்டை எடுத்துக்கொண்டார்.

வார விடுமுறை நாளில் மாமா வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டார். அக்கா முன்னறையில் பாயைப் போட்டு, கால்களைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். நின்று நின்று பாதம் வீங்கியிருந்தது.

"இனிமே பறவையாமே? நல்லதுடி. உன் துணிய தனியா ஊற வைக்க வேணாம்."

"ம்."

அக்கா தலையைத் திருப்பிப் பார்த்தாள். "என்னடி, மூஞ்சி விழுந்து கிடக்கு? அப்படி என்னதான் இருந்துச்சு அந்தச் சாக்கடையில?"

"சொன்னா நீ கேப்பியா?"

"கேக்கறேன் சொல்லு. கால மட்டும் கொஞ்சம் அமுக்கி விடு."

அவள் காலடியில் உட்கார்ந்து அமுக்கிவிட்டுக்கொண்டே தொடங்கினாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முடிவிலிருந்து தொடங்கினாள். எல்லாத் தொட்டியும் தாண்டித் தண்ணீர் வெளியே போகிற வாய்க்கால் ஒன்று உண்டு. அதன் மூலையில் விரல் நீளத்துக்குச் சின்ன மீன்கள் நிற்கும். ஓட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்துக்கொண்டு, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நிற்கும்.

"மீனா? அங்கேயா?"

"ஆமாக்கா. யாரும் விடல. அதுவா வந்துச்சாம்."

"போகாம எதுக்கு அங்கயே நிக்குதாம்?"

நல்ல கேள்வி. அவளுக்கும் அது தோன்றியிருந்தது. தண்ணீரே தீனியைக் கொண்டுவந்து வாயில் போடுகிறது, அதனால் இருக்கலாம் என்றாள். இல்லை, பழகிவிட்டதாலும் இருக்கலாம். ஒருநாள் தண்ணீர் வரத்துக் குறைந்தபோது என்ன செய்தன தெரியுமா என்று கேட்டாள்.

அக்காவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அக்கா விழித்துக்கொள்வாள். கதையில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, தண்ணீர் குறைந்த அன்று மீன்கள் என்ன செய்தன என்பதையும் சொல்லி முடித்தாள்.